உடன்படாதவர்களின் உடன்படிக்கை

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர மன்றத்தில் மரச்செதுக்கல்கள் நிறைந்த மண்டபம் ஒன்று உண்டு. சமாதான மண்டபம் என்று பெயர். 1648 மே 15 அன்று கத்தோலிக்க ஸ்பெயினும் புராட்டஸ்டண்ட் ஒல்லாந்தும் எண்பதாண்டுப் போரை முடித்துச் சத்தியம் செய்த இடம் அது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, முப்பதாண்டுப் போரை நிறுத்திய வெஸ்ட்பாலியா ஒப்பந்தங்களும் இந்த ஊரில்தான் கையெழுத்தாயின. நான் வாழும் ஹம் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன்.

மே மாதத்துச் சத்தியத்தை, அப்போது மூன்ஸ்டரில் தங்கியிருந்த கெரார்ட் டெர் போர்ஹ் ஒரு சிறு செப்புத் தகட்டில் ஓவியமாகத் தீட்டினார். அதில் கைகளைப் பார்க்க வேண்டும். ஸ்பானியத் தூதர் நற்செய்தி நூலின் மேல் கை வைத்திருக்கிறார், பக்கத்தில் சிலுவை. ஒல்லாந்துத் தூதர்களோ எதையும் தொடாமல் இரண்டு விரலை உயர்த்தி நிற்கிறார்கள். சத்தியம் ஒன்று, செய்யும் முறையில் ஒருவரும் மற்றவருக்கு இணங்கவில்லை.

அடுத்தவர் நம்பிக்கை பிழை என்று உளமார நினைக்கும் ஒருவர், அவரோடு நேர்மையாகச் சமாதானமாய் வாழ முடியுமா? ‘எம்மதமும் சம்மதம்’ என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுகிறோம். பூசல் இல்லாத வீட்டில்தான் அந்த வாக்கியம் செல்லுபடியாகும். வெஸ்ட்பாலியாவில் கூடியவர்கள் அப்படி நினைக்கவே இல்லை. பெரும்பாலும் கத்தோலிக்கத் தரப்பு மூன்ஸ்டரிலும் புராட்டஸ்டண்ட் தரப்பு சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஓஸ்னாபுரூக்கிலும் தங்கிப் பேசின. நடுவராக வந்த போப்பின் தூதர் ஃபாபியோ கிஜி, புராட்டஸ்டண்ட் தூதர்களோடு பேச மறுத்தார். போப் பத்தாம் இன்னொசென்ட் ஒப்பந்தமே செல்லாது என்று அறிவித்தார்.

ஆகவே எது மெய்ச்சமயம் என்ற வழக்கை அங்கே யாரும் தீர்க்கவில்லை. எந்த ஆலயத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். 1624 ஜனவரி 1 அன்று எந்தத் தேவாலயம் யார் வசம் இருந்ததோ அவர்களுக்கே அது என்று முடிவாயிற்று. புனித ரோமப் பேரரசின் சபையில் சமய விவகாரங்களை வாக்கெடுப்பால் முடிக்காமல், இரு தரப்பும் தனித்தனியே கூடிப் பேசி இணக்கம் காண வேண்டும் என்று விதித்தார்கள். ஓஸ்னாபுரூக்கில் கத்தோலிக்க ஆயருக்குப் பின் லூத்தரன் ஆயர், அவருக்குப் பின் மீண்டும் கத்தோலிக்கர் என்று முறைவைத்தார்கள்.

இது உண்மையை விலைபேசுவதாகாதா என்று கேட்கலாம். சைவனான நான் என் சமயத்திலிருந்தே பதில் சொல்கிறேன். மலம் பரிபாகம் அடையும்வரை, இறைவனே உயிரின் பக்குவத்துக்குக் காத்திருக்கிறான் என்கிறது சைவ சித்தாந்தம். அவன் காட்டாத அவசரத்தை அயலான் மேல் காட்ட எனக்கு உரிமை ஏது? என் நெறியே மெய் என்று நம்புவதால்தான் யாரையும் அதற்குள் பிடித்துத் தள்ள மாட்டேன்.

வெஸ்ட்பாலியா ஒப்பந்தத்திலும் குறை இருந்தது. நகர மன்றத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் லாம்பெர்டி தேவாலயக் கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்கும். வளர்ந்தபின் மீண்டும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற மறுஞானஸ்நானக்காரர்களின் தலைவர்கள் மூவரை 1536இல் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை அவற்றில் வைத்தார்கள். இந்த ஊரின் ஆட்சி கையில் இருந்தபோது அவர்களும் மறுஞானஸ்நானம் பெறாதவர்களை ஊரைவிட்டு விரட்டியவர்களே. நூறு ஆண்டு கழித்து வந்த உடன்படிக்கை கத்தோலிக்கர், லூத்தரர், கால்வினியர் ஆகிய மூவருக்கே இடம் தந்தது. அந்தக் கூண்டுகளில் கிடந்தவர்களின் வழிவந்தோருக்கு அதில் பங்கில்லை.

இன்று ஹம் நகரில் காமாட்சி அம்பாளின் தேர் பொதுவீதியில் வருகிறது. பார்க்க நிற்கும் ஜெர்மானியர் பலருக்கு அவள் தெய்வமல்ல. நம்பாமலே வழி விடுகிறார்கள். அவர்கள் நம்ப வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. ஆனால் இங்கே பெற்றுக்கொண்ட வழியை, நாம் பெரும்பான்மையாய் வாழும் தெருக்களில் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுக்கக் கடன்பட்டிருக்கிறோம். அங்கே அவர்களைத் தடுத்துவிட்டு இங்கே தேர் இழுப்பது அறமாகாது.