பக்கத்து இருக்கை

அல்சூர் ஏரிக்கரையில் என்னுடன் மாலை நடைக்கு வரும் நண்பர், கனடாவில் வாழும் மகளைக் காணச் சென்று வந்தவர். சனவரித் திங்களில் ஒருநாள், மான்ட்ரியாலிலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவிலுள்ள குவிபெக் நகருக்கு மகள் காரோட்டத் தந்தை அருகில் அமர்ந்து சென்றார். அம்மாநிலத்துக் கார்களுக்குத் திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். இருந்தும், ஒரு பாலத்தின்மேல் வண்டி வழுக்கியது. "பிரேக்கைப் போடு!" என்று அலறினார் தந்தை. "சும்மா இருங்கள் அப்பா" என்றவள், பிரேக்கைத் தொடாமல் வேகத்தைத் தணியவிட்டு வண்டியை நேராக்கினாள்.

அந்தச் சொல் நண்பரின் நெஞ்சில் இன்றும் உறுத்துகிறது. தந்தை சொல்லை மகள் மீறுவது தகுமா என்பது அவர் வினா. மேலும் கீழும் குளிர்காற்று தழுவுவதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். அங்கே சட்டென்று பிரேக்கை அழுத்தினால் வண்டி கைமீறும். இதனை மகள் அறிவாள், தந்தை அறியார். அவள் கீழ்ப்படிந்திருந்தால் இருவருக்குமே கேடு. மக்கள் தம்மினும் அறிவுடையராதல் இனிது என்னும் வள்ளுவர் கருத்தை நண்பரும் மேடைகளில் பேசியவர்தாம்; ஆனால் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவருக்கு அவ்வினிமை அத்துணை எளிதில் கிட்டுவதன்று. மகள்மீது பிழையில்லை என்றே நான் கூறினேன். நண்பர் மறுமொழி சொல்லவில்லை.

கூறுவது எனக்கு எளிதாக இருந்தது. என் மகள் ஸ்கூட்டர் கேட்டு ஆறு திங்களாகிறது. சாலை நெரிசலைக் காரணம் காட்டி நாளைக் கடத்தி வருகிறேன்.