கூப்பிய கை

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு அருகில் பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடம் இருக்கிறது. உள்ளே அவருடைய சிலை, சமாதியைப் பார்த்தபடி, கைகூப்பிய கோலத்தில். சின்னம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டா: "தம்பி, இவவும் பாடினவவோ?"

ஓம் என்றேன். அவவுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை, மன்னார் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடுவதாயில்லை.

கிராமபோன் கம்பனிக்காரர் இந்தியாவுக்கு வந்த ஆரம்ப காலத்திலேயே இசைத்தட்டில் பாடியவர் நாகரத்தினம்மாள். 1910இல் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்தவனம்' நூலை, ஆபாசமென்று முன்பு வெட்டப்பட்ட பாடல்களையும் சேர்த்துப் பதிப்பித்து, அரசாங்கத்தின் தடையை வாங்கிக் கட்டிக்கொண்டவர். கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்குத் தன் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பி 1926இல் கும்பாபிஷேகம் செய்வித்தார். தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். பெண்களுக்கென்று தனிக் கட்சியே தொடங்கிவிட்டார். இவ்வளவு சண்டை பிடித்த மனுசிக்குக் கைகூப்பிய சிலை. ஆனால் சிற்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952இல் அங்கேயே அடங்கியவர் அவர். கேட்டிருந்தால், கையைக் கூப்பி வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

கை என்றதும் எனக்கு எங்கள் அண்ணாவியார்தான் நினைவுக்கு வருவார். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி பாயும் ஊர்களில் பெரும்போக வெட்டு முடிகிற நேரத்தில் தவக்காலமும் வந்துவிடும். சூடடித்த களத்தில் இரவில் கூத்துப் பழக்குவார். பாடும்போது இடக்கையால் காதைப் பொத்திக்கொள்வார். வலக்கை சும்மா இராது. யாராவது தாளம் பிசகினால் சல்லரியைக் கீழே வைக்காமலே தலையில் ஒரு குட்டு. எனக்கும் விழுந்திருக்கிறது. வைக்கோல் தூசும் பெற்றோல்மாக்ஸ் புகையும் கலந்த அந்த மணத்தோடு, கட்டைக் குரலில் ஒரு இழுவை. அந்தக் குரலை ஒரு கசெற்றில்கூட யாரும் பிடித்துவைக்கவில்லை. இடம்பெயர்வில் கூத்துக் கொப்பிகளும் போயின.

எப்போதோ வாசித்தது: 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரை உரத்துச் சொன்னாராம். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். யார் பாடியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியவேண்டுமே. மூன்று நிமிடப் பாட்டில் பெயர் சொல்லவும் இடம் வைத்திருக்கிறார், கெட்டிக்காரி.

இப்போது ஊர்ப் பெடியள் அண்ணாவியாருக்குச் சந்தியில் ஒரு கல் வைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். வாசகம் நான் எழுதவேண்டுமாம். அவருடைய படமென்று இருப்பது ஒன்றே ஒன்று: கோயில் வாசலில், கழுத்தில் மாலையோடு, கைகூப்பியபடி. காதைப் பொத்திப் பாடுகிற மாதிரி ஒரு படம் கீறுவிக்கலாமே என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா பக்தியான மனுசன், அண்ணை" என்றா. அதுவும் பொய்யில்லை. பூசைக்குத் தவறாத மனிதர். ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கிற பிள்ளைக்கு இவர் யாரோ ஒரு கோயில் மூப்பராகத்தான் தெரிவார். தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? குரல் இல்லாத இடத்தில் கல் எதைச் சொன்னாலும் பாதிதானே. எந்தப் பாதி என்று தீர்மானிக்கிற உரித்து குட்டு வாங்கிய எனக்கா, கூட இருந்து பார்த்த மகளுக்கா?

கல் வெட்டுகிறவர் அவசரப்படுத்துகிறார். பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிச்ச இடத்தை வெறுமையாக விடச் சொன்னதற்கு, அதற்கும் சேர்த்துத்தான் காசு என்கிறார்.