தப்பிய தலைவனின் கடன்

ஒரு தலைவனை நம்பிப் பலர் கிளர்ச்சியில் இறங்குகின்றனர். கிளர்ச்சி தோற்கிறது. தலைவன் தப்பிவிடுகிறான், நம்பி வந்தவர்கள் தூக்குமேடை ஏறுகின்றனர். அத்தலைவன் செய்தது தர்மமா?

நாம் வாழும் இந்நகரிலேயே இக்கேள்வி எழுந்ததுண்டு. 1834இல் ரொறன்ரோவின் முதலாவது நகரபிதாவான வில்லியம் லயன் மக்கென்சி, இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவை ஆங்கிலேய ஆளுநரும் சில செல்வாக்குள்ள குடும்பங்களும் ஆட்டிப்படைத்ததை எதிர்த்தார். பத்திரிகையில் எழுதியும் சட்டசபையில் பேசியும் பயன் கிட்டாமல் ஆயுதப் புரட்சிக்கு அழைத்தார். 1837 டிசம்பர் 7ஆந் திகதி யங் வீதியில், மொன்ற்கொமரி விடுதியருகே அது முறியடிக்கப்பட்டது. அவரைப் பிடித்துத் தருவோருக்கு 1,000 பவுண் பரிசு அறிவிக்கப்பட்டது. வழியில் பல குடும்பத்தினர் ஆபத்தைப் பாராது உதவ, அவர் அமெரிக்கா சென்று சேர்ந்தார்.

அவருடன் நின்ற சாமுவேல் லவுண்ற் ஒரு கொல்லர். பீற்றர் மத்தியூஸ், நமது மல்வேர்னுக்குக் கிழக்கேயுள்ள பிக்கறிங்கைச் சேர்ந்த விவசாயி. ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டு உயிர்ப்பிச்சை கேட்டும் ஆளுநர் இணங்கவில்லை. 1838 ஏப்ரல் 12ஆந் திகதி இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மக்கென்சியோ 1849இல் பொதுமன்னிப்புக் கிடைத்தபின் திரும்பி வந்து, மீண்டும் சட்டசபை உறுப்பினரானார்.

தப்பியது கோழைத்தனம் என்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் அவர் நின்றிருந்தால் மூன்றாவது உயிரும் போயிருக்குமேயன்றி, மற்ற இரண்டும் மீண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. ஜராசந்தனின் படையெடுப்புகளால் கண்ணபிரானும் வடமதுரையை விட்டுத் துவாரகைக்குப் பெயர்ந்தார். ஆனால் தம் மக்களையும் உடன் அழைத்துச் சென்றார். தருமரோ, தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகவும் மறுத்தார்.

ஆகவே தப்புவதில் பாவமில்லை. பின்னால் வந்தவர்களை மறப்பதே பாவம். தப்பியவன் தன் உயிரைப் பிறர் தயவால் பெற்றவன். மாண்டவரின் குடும்பங்களைத் தாங்குவதும், அவர்களின் பெயரைத் தன் புகழுக்கு முதலாக்காதிருப்பதும், தான் பாதுகாப்பாக இருந்துகொண்டு பிறர் பிள்ளைகளைச் சாவுக்கு அழைக்காதிருப்பதும் அவன் தீர்க்கவேண்டிய கடன்கள். போரைப் பின்னால் விட்டு இங்கு வந்து சேர்ந்த நமக்கும் இக்கடனில் பங்குண்டு.

இன்று மக்கென்சியும் லவுண்ற்றும் மத்தியூசும் வின்செஸ்ரர் வீதியிலுள்ள ஒரே மயானத்தில் துயில்கின்றனர். தலைவரின் பெயரைப் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கின்றனர். மற்ற இருவரின் பெயரையும் நாம் வீட்டில் சொல்லிக்கொடுப்போம்.