உடம்பின் முதலாளி

நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. ‘‘அப்பாவுக்குப் புராஸ்டேட் கேன்சராம். பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு. அவர்கிட்ட சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். வீட்டுக்கு வந்தா நீங்க எதுவும் உளறிடாதீங்க!’’

அப்பாவுக்கு வயது 78. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறாரே என்று டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பயாப்ஸி என்று போய் இங்கே வந்து நின்றது. அவரிடம் சொன்னது: ‘‘சும்மா வீக்கம்தான்ப்பா.’’

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பாவம், வயசானவர், நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால், விஷயம் அவ்வளவு சுலபமில்லை. எல்லா புராஸ்டேட் கேன்சரும் ஒரே ரகமில்லை. சில வேகமாக எலும்புவரை பரவும்; அவற்றுக்கு உடனே வைத்தியம் வேண்டும். பல, ஆமை வேகத்தில் நகரும். வேறு காரணத்தால் இறந்துபோன முதியவர்களின் உடலைப் பரிசோதித்தால், கடைசிவரை தொந்தரவே தராத புராஸ்டேட் கேன்சர் பலருக்கு இருந்தது தெரியவருகிறது.

பிரிட்டனில், கேன்சர் சுரப்பியைத் தாண்டாத 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். வயது 50 முதல் 69 வரை. ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்கு ரேடியேஷன், மூன்றாவது பிரிவை கவனித்துக்கொண்டே இருந்து, தேவைப்பட்டால் மட்டும் வைத்தியம். 15 வருடம் கழித்து 2023-ல் கணக்குப் பார்த்தால், மூன்று பிரிவிலுமே இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கவனித்து வந்தவர்களுக்கு நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு. ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சிறுநீர் கசிவது அதிகம்.

நண்பரின் அப்பாவுக்கும் அந்த மெதுவான ரகம்தான். ‘‘ரேடியேஷன் கொடுக்கலாம். இல்லை, கொஞ்ச நாள் கவனிக்கலாம்’’ என்றார் டாக்டர். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், ‘‘உடனே ரேடியேஷன்’’ என்கிறார். இவர், ‘‘இந்த வயசுல எதுக்கு?’’ என்கிறார். தினமும் போனில் வாக்குவாதம். ஓட்டுப் போட வேண்டிய ஒரே ஆள், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடனைக்கூட பேலன்ஸ் ஷீட்டில் குறிப்பாகப் போட்டாக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பங்குதாரருக்கு மறைத்தால் தப்பு. நூறு ஷேர் வைத்திருப்பவனுக்கு இருக்கிற உரிமை, சொந்த உடம்பின் முதலாளிக்குக் கிடையாதா?

இதை நண்பரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பெரியவர் அழவில்லை. ‘‘இன்னும் எவ்வளவு நாள்?’’ என்றும் கேட்கவில்லை. ‘‘எதைப் பண்ணிக்கிட்டா, கடைசிவரைக்கும் நானே பாத்ரூம் போயிட்டு வரலாம்?’’ என்றுதான் கேட்டிருக்கிறார். மகன்கள் இருவரும் ஒருநாள்கூட விவாதிக்காத கேள்வி!

பிறகு சொன்னாராம்... ‘‘ஒரு மாசமா வீட்ல ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசலையேடா. என்ன தப்புப் பண்ணிட்டோம்னு அதுலதான் பயந்து போயிருந்தேன்.’’

கட்டாயப்படுத்திச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்கிற பெரியவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் உரிமைதான். ஆனால், அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். டெஸ்ட்டுக்குப் போகும்போதே, ‘‘ரிசல்ட்டை நீங்க கேட்டுக்கறீங்களா, நாங்க பார்த்துக்கவா?’’ என்று கேட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை.

பெரியவர் இப்போதைக்கு ரேடியேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ரிசல்ட் வருவதற்கு முதல் நாள் காபியில் சர்க்கரை கம்மி என்று சண்டை போடுகிறாராம். பயம்தான், வேறென்ன? வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாராவது எழுந்து போய் இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.