யாரும் கேட்காத வண்டி

பிறர் பொருட்படுத்தாத ஒன்றை விரும்புகிறவன் அந்தப் பொருளைத்தான் விரும்புகிறானா, அல்லது மற்றவர்கள் காணத் தவறியதைத் தான் கண்டுவிட்டோம் என்ற நினைப்பை விரும்புகிறானா? இலக்கிய விஷயத்தில் இந்தக் கேள்வியைப் பலரை நோக்கிக் கேட்டிருக்கிறேன். என்னை நோக்கிக் கேட்டுக்கொள்ள ஒரு பழைய கார் தேவைப்பட்டது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, 948 சி.சி. ராஜபாளையத்தில் ஒரு கொட்டகையில் விறகுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததை, ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வாங்கினேன். தேய்மானம் போக அதன் மதிப்பு எந்தப் பேரேட்டிலும் பூஜ்யம்தான். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நவம்பரில் உயிர்ச் சான்றிதழோடு கவுண்டருக்கு வரும் பென்ஷன்காரர்கள் அப்போது நினைவுக்கு வருவார்கள்.

ஹெரால்டின் வடிவம் இயலாமையில் பிறந்தது. உடலை ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்காததால், டிரையம்ப் கம்பெனி தனி சேஸிஸ் போட்டு, துண்டு துண்டாக உடலைச் செய்து போல்ட்டால் முடுக்கியது. இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி அதற்கு அழகு கொடுத்தார். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாராயிற்று. துண்டுகளாக இருந்ததனாலேயே எங்கும் கொண்டுபோய்ப் பூட்ட முடிந்தது. நான்கு கதவு ஹெரால்ட் இங்கு மட்டுமே செய்யப்பட்டது என்பதை ஹெரால்ட் பிரியர்களே பலர் அறியமாட்டார்கள். (பாருங்கள், கர்வம் இங்கேயே எட்டிப் பார்க்கிறது.)

இதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எம்.ஜி.யைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சற்று இளப்பமாகவே பார்ப்பார்கள். எனக்கோ அந்த உறவு ஒரு வரப்பிரசாதம். வண்டியை ஏளனமாகப் பார்க்கிறவரிடமெல்லாம் 'இது ஸ்பிட்ஃபயரின் அண்ணன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் கவிஞன் ஒருவனைத் தமிழின் எலியட் என்பதும் இதே காரியம்தான். கவிதையைப் படித்தவனுக்கு இந்தச் சிபாரிசு எதற்கு?

சொல்லாமல் விட்டதும் உண்டு. வளைவில் வேகமாகப் போய், சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் ஹெரால்டின் பின்சக்கரம் உள்ளே மடங்கும். வண்டி நம் பேச்சைக் கேட்காது. அதன் பின் அச்சின் அமைப்பு அப்படி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குறைத்து மதிக்கப்பட்ட கவிஞனுக்கு வக்காலத்து வாங்கும்போதும் நான் செய்தது இதுவே. ஏற்கெனவே உலகம் ஒதுக்கிவிட்டது, நானும் குறை சொல்வதா என்ற சமாதானம். அது விமர்சனம் அல்ல, இரக்கம். இரக்கத்துக்கு அடியில் உடைமைப் புத்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வழியாகப் பிளவக்கல்லுக்குப் போவேன். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பின்னால் மலை. பெரும்பாலும் ஆள் இருக்காது. 2025இல் கூமாப்பட்டிக்கு வாருங்கள் என்று ஒருவர் கூப்பிட்ட வீடியோ கைபேசிக்குக் கைபேசி பரவியது. அடுத்து நான் போனபோது சாலை நெடுகக் கார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர்கள் வந்ததால் மலை ஓர் அடி குறைந்துவிடவில்லை. குறைந்தது வேறு ஏதோ. போதாக்குறைக்கு, அணைத் தண்ணீரை நம்பி நெல் நடுகிறவர்கள் அதை என்றைக்குமே குறைத்து மதித்ததில்லையே. ராஜபாளையத்து மெக்கானிக்குக்கும் ஹெரால்ட் ஒரு வண்டி. கார்புரேட்டர் சரியாக இருந்தால் ஓடும். 'யாரும் அறியாதது' என்று நான் சொன்னபோது அந்த 'யாரும்' என்பதில் யாரையெல்லாம் விட்டுவிட்டேன்?

கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வண்டி சூடேறி நின்றது. தண்ணீர் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. முன்பக்கம் முழுவதையும், மட்கார்டோடு சேர்த்து, முன்னால் கவிழ்த்துத் திறந்தேன். ஒரு பையன் ஓடி வந்தான்.

"அண்ணே, இது என்ன வண்டி?"

பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஹெரால்டுல்ல? எங்க டாக்டர் இதுலதான் வருவாரு, தம்பி."

ஸ்பிட்ஃபயர் நாக்கு நுனி வரை வந்தது. வளைவில் பின்சக்கரம் மடங்குவதைப் பையனிடம் சொன்னேன். "அப்ப மெதுவாப் போகணும்" என்றான். முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்க ஆரம்பித்தான். ரேடியேட்டர் ஆறட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றேன்.