கேட்காதவர்களின் விடுதலை

புவேர்ட்டோ ரிக்கோ அரசியலில் 'தர்ப்பூசணி' என்பது ஒரு ஏளனச் சொல். அங்கே சுதந்திரக் கட்சியின் நிறம் பச்சை. அமெரிக்காவுடனான இன்றைய அரைகுறை உறவே போதும் என்று வந்திருக்கும் கட்சியின் நிறம் சிவப்பு. சுதந்திரம் பேசிவிட்டு, தீவை அமெரிக்காவின் ஒரு மாநிலமாக்கத் துடிக்கும் மூன்றாவது கட்சி ஜெயித்துவிடுமே என்ற பயத்தில் சிவப்புக்கு வாக்களிப்பவன்தான் தர்ப்பூசணி. இவனைக் கோழை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நான் அங்கே பிறந்திருந்தால் நானும் இவனாகவே இருந்திருப்பேன் என்று படுகிறது.

1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்கு மாறிய தீவு. 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உண்டு. ஆனால் தீவில் வசிப்பவனுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இல்லை. 1946இல் தோன்றிய சுதந்திரக் கட்சி, 1952 தேர்தலில் சுமார் 19 சதவீத வாக்குகளோடு இரண்டாம் இடம் பெற்றது. 1960இல் 3 சதவீதம். 2016இல் 2 சதவீதம்.

இந்தச் சரிவுக்குப் பயம் ஒரு காரணம். 1948இல் வந்து 1957 வரை நீடித்த வாய்ப்பூட்டுச் சட்டம் சுதந்திரப் பேச்சையே குற்றமாக்கியது. சுதந்திரவாதிகளைப் பற்றிப் போலீஸ் பல்லாண்டுகள் ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது 1987இல் அம்பலமானது. கோப்புகள் உரியவர் கைக்கு வந்தபோது, தகவல் கொடுத்தவர்களில் அண்டை வீட்டாரும் நண்பர்களும் இருந்தார்கள்.

இதெல்லாம் நிஜம். ஆனால் எல்லாவற்றுக்கும் பயத்தையே காரணமாகச் சொல்லிவிட்டால், ஜனங்கள் 'வேண்டாம்' என்று சொல்வது எப்போதுதான் நம் காதில் விழும்? 'அவர்கள் மனசுக்குள் நம் பக்கம்தான்' என்று சொல்லும் விடுதலைவாதிக்கும், 'அவர்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும்' என்ற காலனி அதிகாரிக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் மங்கிவிடுகிறது. சில நூறு பிரதிகள் அச்சடித்துவிட்டு, வாசிக்காதவர்களின் ரசனைக் குறைவைப் பற்றி எழுதும் நமக்கும் இந்த வியாதி உண்டு. சிறியதாக இருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. தோற்றதனால் பொய்யாகிவிடுவதுமில்லை.

2024இல் நிலைமை தலைகீழாகிவிட்டது. இன்னொரு கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து நின்ற சுதந்திரக் கட்சியின் ஹுவான் தல்மாவ், கவர்னர் தேர்தலில் 30 சதவீதத்துக்கு மேல் பெற்று இரண்டாவதாக வந்தார். அதே நாளில் தீவின் அந்தஸ்து பற்றி நடந்த கருத்துக் கணிப்பு வாக்கெடுப்பில், செல்லுபடியான வாக்குகளில் சுதந்திரத்துக்குக் கிடைத்தது சுமார் 12 சதவீதம். ஜனங்களை வாட்டிய ஊழலும் மின்வெட்டும் அவர் பக்கம் வாக்குகளைத் திருப்பியிருந்தன. இத்தனை வருஷம் விலை போகாத ஆட்கள் என்ற நம்பிக்கையும் சேர்ந்திருக்க வேண்டும். கட்சியை நம்பினார்கள், கட்சியின் லட்சியத்தை அல்ல.

ஆக, வாக்குச் சீட்டில் பச்சை, உள்ளே வேறு நிறம். தர்ப்பூசணியைப் பரிகசித்து வந்த கட்சி இன்று புதிய தர்ப்பூசணிகளால் வளர்ந்திருக்கிறது. இந்த வாக்குகளைச் சுதந்திரத்துக்கான ஆணை என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் ஆசை எழாமலா இருக்கும்? அதை அடக்குவது, 2 சதவீதத்தோடு நிமிர்ந்து நின்றதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன். கேட்காதவனுக்கு விடுதலையைக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. கேள்வியை அணையாமல் வைத்திருக்கலாம். பதில் 'இல்லை' என்று வந்தால், அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு, மறுபடி கேட்கலாம்.