சுமையை எங்கே வைத்திருக்கிறாய்?

"எனக்குச் சுமை அதிகம், அதனால்தான் முன்னேற முடியவில்லை" என்று புலம்புகிறாயா தம்பி? அமெரிக்காவில் எட்டு, பத்து வயதுப் பொடிசுகள் கேட்டால் சிரிப்பார்கள். பந்தயத்துக்குப் பொம்மைக் கார் செய்யும்போது, இன்னும் கொஞ்சம் சுமை கிடைக்காதா என்றுதான் அவர்கள் அலைகிறார்கள்!

1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் ஊரில் டான் மர்ஃபி என்றொரு தகப்பன். சிறுவர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் 'சோப் பாக்ஸ் டெர்பி' பந்தயத்தில் சேர அவருடைய பத்து வயது மகனுக்கு வயது பற்றவில்லை. மர்ஃபி யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. 'கப் ஸ்கவுட்' என்ற குட்டிச் சாரணர்களுக்காகப் புதுப் பந்தயமே உண்டாக்கினார். அதுதான் 'பைன்வுட் டெர்பி'. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி, அவ்வளவுதான் சாமான். எஞ்சினும் இல்லை, பேட்டரியும் இல்லை. மேட்டிலிருந்து சரிந்து இறங்கி, சமதளத்தில் ஓடிக் கோட்டைத் தொட வேண்டும்.

எடைக்கு உச்சவரம்பு 5 அவுன்ஸ், சுமார் 142 கிராம். லேசான கார்தான் பறக்கும் என்று நினைப்பாய். பறக்காது! காற்றின் எதிர்ப்பு அதைச் சீக்கிரம் மடக்கிவிடும். அதனால் கட்டையில் துளை போட்டு, ஈயமோ டங்ஸ்டனோ திணித்து, தராசு 5 அவுன்ஸைத் தொடும்வரை ஏற்றுகிறார்கள். (பிள்ளைகள் கையில் ஈயம் வேண்டாம் என்பது என் கட்சி. டங்ஸ்டன் விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, சின்னத் துளைக்குள் அடங்கிவிடும்.)

எல்லார் காரும் அதே 5 அவுன்ஸ். அப்புறம் ஒருவன் மட்டும் எப்படி முந்துகிறான்? எடையை வைத்த இடத்தால்! காரை ஒரு ஸ்கேலின் விளிம்பில் நிறுத்திப் பார். எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்கிறதோ, அது பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். சரிவில் நிற்கும் காருக்குப் பின்பக்கம்தானே மேடு? பாதை 30 டிகிரி சாய்வு என்றால், எடையை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் அது அரை அங்குலம் உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த அரை அங்குலமும் இறங்கும்போது வேகமாகிறது. நூலிழையில் முடிவாகும் பந்தயத்துக்கு அது போதும்.

இப்போது உன் கணக்குக்கு வா. அப்பா படுத்துவிட்டார், படிப்பு முடிந்தும் இரண்டு வருஷம் மளிகைக் கடையில் நின்றாய். இன்டர்வியூவில் அதை எங்கே வைக்கிறாய்? கடைசியில், தலையைக் குனிந்து, "கேப் இருக்கு சார்" என்று முணுமுணுக்கிறாய். அட, சரக்கு எடுத்தவன் நீ! கடன் நோட்டை வைத்துக்கொண்டு நாசூக்காக வசூல் பண்ணியவன் நீ! வாடிக்கையாளரின் கோபத்தைச் சிரித்தே தணித்தவன் நீ! உன்னைத் தள்ள வேண்டிய பாரத்தைத் தப்பான இடத்தில் கட்டிக்கொண்டு, வண்டி நகரவில்லை என்றால் எப்படி நகரும்?

ஆனால் ஒன்று. எடையை ஒரேயடியாகப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தரையில் பதியாது. பாதையின் இணைப்பில் சின்ன அதிர்வு வந்தாலும் கார் ஆடித் தடம் புரளும். பட்ட கஷ்டத்தையே அரை மணி நேரம் பேசுகிறவன் கதியும் அதுதான். எதிரில் இருப்பவர் பரிதாபப்படுவார்; வேலை தரமாட்டார். கஷ்டத்தை ஒரு வரியில் சொல், அதில் கற்றதைப் பத்து வரியில் சொல்.

அடுத்த இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். நிமிர்ந்து உட்கார். கடையிலிருந்தே ஆரம்பி!